முப்பத்தேழாம் நம்பர் மனு

நான் வேலை பார்த்த சட்டக் கல்லூரியில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறார்கள். மேடை, பின்னால் பேனர், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற சிறப்பு விருந்தினர். அவர் பக்கத்தில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண் பச்சை அட்டை ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ஒரு வரி: ‘கல்லூரியின் இலவச சட்ட உதவி முகாமில் பயனடைந்த மூதாட்டி’.

மூதாட்டியாம்! வீராயி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதே போட்டோவில் நிற்கிற பிரின்சிபாலுக்கு அறுபத்தொன்று. அவரை என்னவென்று எழுதுவார்கள்? பெயர் கூடவா தெரியாது? அந்தப் போட்டோவை மாட்ட ஆணி அடித்தபோது உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளியவளே அவள்தான். பதினான்கு வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவள். ‘பயனடைந்த’ என்ற வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாயில் நல்லதாகவே வராது.

கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே எனக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். அதை மட்டும் நாள் தவறாமல் அனுப்புவார்கள்.

என் பெயர் வஹீதா. பாலக்கரைக்காரி. அந்தக் கல்லூரியின் சட்ட உதவி மையத்தில் ஒன்பது வருஷம் ஒப்பந்தத் தட்டச்சராக இருந்தேன். இது என் கதை இல்லை, வீராயி அக்காவின் கதை. ஆனால் இதில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் திட்டினால் என்னைப் போல் அயோக்கியத்தனம் செய்கிறவள் வேறு யாரும் இருக்க முடியாது.

வீராயி அக்கா எடமலைப்பட்டி புதூர்க்காரி. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஸ்ரீரங்கம் பஸ் பிடித்து, காவேரிப் பாலம் தாண்டி ஏழு மணிக்குக் கல்லூரியில் இருப்பாள். மழையாவது வெயிலாவது, ஏழு என்றால் ஏழுதான். ஒரு தடவை வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் அம்மாமண்டபத்திலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். ‘பரமபத வாசல் தெறந்துடுச்சாம், நம்ம மூட் கோர்ட் வாசலத் தெறக்க நான்தான வரணும்’ என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

மூட் கோர்ட் ஹால் என்பது பிள்ளைகள் கோர்ட் மாதிரியே நின்று வாதாடிப் பழகுகிற அரங்கம். மேலே மூன்று நாற்காலி, கீழே இரண்டு பக்கமும் மேஜை. அதைக் கூட்டுவது என்றால் வீராயி அக்காவுக்குத் தனி இஷ்டம். வேலையை இழுத்து இழுத்துச் செய்துகொண்டே வாதத்தைக் கேட்பாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. ஆனால் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

“எப்படிக்கா கண்டுபிடிக்கிற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இதுல என்னம்மா இருக்கு? அந்தப் பய கத்துறான், அந்தப் பொண்ணு பேப்பரக் காட்டுது. பேப்பரக் காட்டுனவங்கதான் ஜெயிப்பாங்க.”

அதை அவள் வெறும் பேச்சாக வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் குக்கர் வந்த அட்டைப் பெட்டி ஒன்று வைத்திருந்தாள். அதில் கரண்ட் அட்டை, வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, புருஷனின் இறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வீட்டுப் பட்டா. புருஷன் மதுரைவீரன் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். ஊரார் வீட்டுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டைத் தானே கட்டினார். மூன்று வருஷத்தில் முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. காமாலை வந்து அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. முன்னறையில் மகள் யமுனா தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள்.

அந்த வீட்டுக் கதவில்தான் ஜூலை மூன்றாம் தேதி ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வாய்க்கால் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் இடித்து அகற்றப்படும் என்று. அந்த வரிசையில் ஏழெட்டு வீட்டுக்கு வந்த நோட்டீஸ். மற்ற வீடுகளின் விஷயம் வேறு. வீராயி அக்காவின் வீடு பட்டா நிலத்தில் இருக்கிறது. நோட்டீஸில் போட்டிருந்த சர்வே நம்பர் ஒன்று, பட்டாவில் இருக்கிற நம்பர் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியம். பதினெட்டாம் தேதிக்குள் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

அவளே நேரே போயிருப்பாள். போகாமல் போனதற்குக் காரணம் எங்கள் கல்லூரி.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் தேதி, எங்கள் சட்ட உதவி மையம் எடமலைப்பட்டி புதூரில் முகாம் போட்டது. ‘வகுப்பறைக்கு வெளியே, மக்களுக்கு அருகே’ என்று பேனர். ஷாமியானா போட, நாற்காலி அடுக்க, குப்பை அள்ள வீராயி அக்காவை வரச்சொல்லியிருந்தார்கள். சொந்த ஊர்தானே, பஸ் செலவு மிச்சம் என்று ஒரு கணக்கு. அவள் காலை ஆறு மணிக்கே வந்து நூறு நாற்காலியையும் விரித்துப் போட்டுத் துடைத்துவிட்டு, பத்து மணிக்குப் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, தான் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்து டோக்கன் வாங்கினாள். முப்பத்தேழு.

மேஜையில் இருந்தவன் சித்தார்த்தன், மூன்றாம் வருஷத்துப் பையன். குனிந்த தலை நிமிராமல் கேட்டானாம்.

“அம்மா, உங்க பேரு? வயசு? என்ன வேலை?”

“கூட்டுற வேலை, தம்பி.”

“எங்க?”

“ஒரு காலேஜ்ல.”

‘துப்புரவுப் பணி, தனியார் நிறுவனம்’ என்று எழுதிக்கொண்டான். மறுநாள் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “தெனம் அந்தப் பய காலத் தூக்குவான், நான் பெஞ்சுக்கடியில கூட்டுவேன். என் வெளக்குமாத்தத் தெரியும் போல, மூஞ்சி தெரியல!” என்றாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு இன்றைக்கும் அதில் சிரிப்பு வரவில்லை.

பையனைக் குறை சொல்லக்கூடாது, மனுவை நன்றாகத்தான் எழுதியிருந்தான். சர்வே நம்பர் வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துவிட்டான். பிடித்தவன், “ஒரிஜினல் பட்டா இருந்தாத்தான் மனுவுக்கு வெயிட்டு, வெச்சுட்டுப் போங்க, பத்திரமா இருக்கும்” என்றான். கம்ப்யூட்டரில் ஏறாத பழைய பட்டா அது. ஞாயிற்றுக்கிழமை, ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. யார் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டாள். பதினான்கு வருஷமாகத் தான் கூட்டுகிற காலேஜ் கேட்கிறது, கொடுத்துவிட்டாள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு? கிடையாது. சீட்டு கொடுக்கவேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒப்பந்தச் சட்டம், சாட்சியச் சட்டம் எல்லாம் கரைத்துக் குடித்த நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் கல்லூரிப் பெயர் போட்ட டீ-ஷர்ட்டின் பின்பக்கம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மனுக்களை மறுநாளே அந்தந்த ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கலாம். பஸ்ஸில் போனால் அரை மணி நேர வேலை. ஆனால் எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. முகாமில் வாங்குகிற மனுவை முகாமோடு கொடுக்க மாட்டார்கள். ‘மனு ஒப்படைப்பு விழா’ என்று ஒன்று நடக்கும். மேடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, ஒரு பெரிய அதிகாரியைக் கூப்பிட்டு, மனுதாரர்களை வரிசையில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே ஒப்படைக்க வைப்பார்கள். அதுவரைக்கும் மனுக்கள் என் அறை பீரோவில் தூங்கும். மாப்பிள்ளை சாகக் கிடந்தாலும் முகூர்த்த நாளில்தான் தாலி கட்டுவோம் என்கிற மாதிரி.

விழா பதினைந்தாம் தேதி என்றுதான் முதலில் வைத்திருந்தார்கள். அதனால் நானும் கவலைப்படவில்லை. பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் சேதி வந்தது, சிறப்பு விருந்தினருக்கு அன்றைக்கு ஒரு கல்யாணம், விழா இருபத்திரண்டுக்குத் தள்ளிப்போகிறது என்று. அன்றைக்குப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தவள் நான். முப்பத்தேழாம் நம்பருக்கு நேரே ‘கடைசி நாள் 18’ என்று நானே அடித்திருக்கிறேன். எழுந்து மையத்தின் ஒருங்கிணைப்பாளர் கலையரசன் சாரிடம் போனேன்.

“சார், முப்பத்தேழாம் நம்பர் நம்ம வீராயி அக்காவோடது. பதினெட்டுக்குள்ள குடுக்கணும். அத மட்டும் தனியா எடுத்து நாளைக்கே குடுத்துடலாம் சார்.”

அவர் அழைப்பிதழை எடுத்து என் முன்னால் நீட்டினார். தங்க எழுத்தில் ‘நூறு மனுக்கள் ஒப்படைப்பு விழா’.

“வஹீதா மேடம், நூறுன்னு அடிச்சாச்சு. பேனர் போயாச்சு, பேப்பருக்குச் செய்தி போயாச்சு. ஒண்ண எடுத்தா தொண்ணூத்தொம்பது. யாராவது எண்ணிப் பாத்தா?”

“வீடு சார் அது.”

“மேடைல அதிகாரி கையில நேரடியா குடுக்கறோம்மா. அதுக்கு மேல என்ன வெயிட்டு வேணும்? நாலு நாள் லேட்டானா என்ன ஆயிடப்போகுது?”

நாலு நாள் லேட்டானால் என்ன ஆகும் என்று கேட்கிறவர் ஆறு வருஷமாகக் காலவரையறைச் சட்டம் நடத்துகிறவர். பரீட்சையில் ஒரு பிள்ளை அப்படி எழுதினால் பூஜ்யம் போட்டிருப்பார். ஊருக்குத்தானே உபதேசம்!

இப்போது என் பங்குக்கு வருகிறேன். பீரோ சாவி என் டிராயரில் இருந்தது. யாரையும் கேட்காமல் திறந்து, அந்த ஒரு ஃபைலை எடுத்து, வீராயி அக்கா கையில் கொடுத்திருக்கலாம். ஆகஸ்டில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவேண்டும், கையெழுத்துப் போடுகிறவர் கலையரசன் சார். நான் டிராயரைத் திறந்தேன், சாவியைப் பார்த்தேன், மூடினேன்.

பதினேழாம் தேதி காலையில் என் அறையைக் கூட்டவந்த வீராயி அக்கா, குனிந்தபடியே கேட்டாள். “வஹீதாம்மா, அந்தப் பேப்பர் போயிடுச்சா?”

“போயிடும்க்கா” என்றேன்.

போயிடுச்சு என்று பொய் சொல்லவில்லை, போகலை என்று நிஜமும் சொல்லவில்லை. வக்கீல்கள் நடுவில் ஒன்பது வருஷம் உட்கார்ந்ததற்கு அதையாவது கற்றுக்கொண்டேன். தூ!

இருபத்திரண்டாம் தேதி விழா. காலையில் மேடையைக் கூட்டித் துடைத்தது வீராயி அக்கா. பத்தரைக்கு, நல்ல புடவை கட்டிக்கொண்டு மேடை ஏறச்சொன்னதும் வீராயி அக்காவைத்தான். போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அவள் ஃபைலைக் கொடுத்தாள், அதிகாரி வாங்கினார். போட்டோகிராபர், “சார், இன்னொரு தடவை” என்றான். அதிகாரி திருப்பிக் கொடுத்தார், அவள் மறுபடி கொடுத்தாள். கைதட்டல். கல்லூரி என்பது கட்டடம் இல்லை, குடும்பம் என்று பிரின்சிபால் பேசினார்.

விழா முடிந்து அதிகாரி கார் ஏறும்போது நான் நூறு ஃபைலையும் இரண்டு பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். டிரைவர் டிக்கியைத் திறந்து காட்டினார். பொன்னாடைகள், பூங்கொத்து, நினைவுப் பரிசாகக் கொடுத்த பெரிய அரங்கநாதர் படம். “இடமில்லம்மா, தபால்ல அனுப்பச் சொல்லுங்க” என்றார். கார் போய்விட்டது. மேடையில் வைத்து ஊரறிய ஒப்படைக்கப்பட்ட நூறு மனுவும் திரும்ப என் பீரோவுக்கே வந்து சேர்ந்தன. கலையரசன் சார் அன்றைக்கே அறிக்கை அடிக்கச் சொன்னார்: பெறப்பட்டவை நூறு, ஒப்படைக்கப்பட்டவை நூறு. நான் அடித்தேன்.

இருபத்தைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, வீராயி அக்கா வீட்டுக் கதவில் அடுத்த காகிதம் ஒட்டப்பட்டது. குறித்த காலத்தில் விளக்கம் வரவில்லை, வியாழக்கிழமை காலை அகற்றப்படும். சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் புதன்கிழமை அவள் ஏழு மணிக்கு வந்தாள். வழக்கம்போல வராண்டா, வகுப்புகள் எல்லாம் கூட்டினாள். பத்து மணிக்கு மூட் கோர்ட் ஹாலில் போட்டிக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கலையரசன் சார் நீதிபதி நாற்காலியில் இருந்தார். விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே அவள் நடுவில் போய் நின்றாள். சத்தம் கேட்டு நானும் ஓடினேன்.

“என் பேப்பர் எங்க சார்?”

“என்னம்மா இது, ப்ராக்டிஸ் நடக்குது. அப்புறம் வா.”

“அப்புறம் அப்புறம்னுதான் என் வீட்டுச் செவுத்துல கோடு போட்டுட்டான். ஒப்படைச்சோம் ஒப்படைச்சோம்னு மைக்ல கத்துனீங்களே, யார்ட்ட ஒப்படைச்சீங்க? விளக்கமே வரலன்னு எழுதி ஒட்டியிருக்கான், இந்தா படிங்க. பதினாலு வருசமா இந்த ஹாலக் கூட்டுறேன். தப்புப் பண்ணவன நிக்க வெச்சு நாக்கப் புடுங்குற மாதிரி கேள்வி கேக்கறத நாளெல்லாம் பாத்துருக்கேன். இப்ப நான் கேக்கறேன், சொல்லுங்க!”

கலையரசன் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். “இதபாரும்மா, நாங்க ஆலோசனைதான் தரோம். மனுவ உரிய நேரத்துல குடுக்கறது மனுதாரரோட பொறுப்பு” என்றார்.

“பட்டாவ வாங்கிப் பூட்டி வெச்சுக்கிட்டு பொறுப்பு என்னுதா? அடப்பாவிங்களா!” காகிதத்தை அவர் முன்னால் ஆட்டினாள். “என் வீட்டுக்காரர் கட்டுன வீடு சார். என் மக அந்த மெஷின எங்க கொண்டுபோய்ப் போடும்?”

வாதாடிக்கொண்டிருந்த மேஜையிலிருந்து கமலினி எழுந்து வந்தாள். நான்காம் வருஷம், ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பெண், அந்தப் போட்டிக்கு டீம் தலைவி. வீராயி அக்கா கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது. “அக்கா, ஃபைல் எங்க இருக்கு?” என்று என்னிடம் கேட்டாள்.

இந்த முறை நான் டிராயரைத் திறந்ததும் சாவியை எடுத்தேன்.

மூன்று பேரும் என் அறையில் உட்கார்ந்தோம். கமலினி சொன்னாள்: “கால தாமதத்த மன்னிச்சு மனுவ ஏத்துக்கச் சொல்லிக் கேக்கலாம்க்கா. ஆனா ஏன் தாமதம்னு காரணம் சொல்லணும். அவங்க சரியான நேரத்துல எங்ககிட்ட குடுத்துட்டாங்க, வெச்சிருந்தது நாங்கதான்னு காலேஜ் ஒரு லெட்டர் தந்தாப் போதும்.”

ஒரு லெட்டர். நாலு வரி. பிரின்சிபால் அறை வாசலில் பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரைக்கும் நின்றோம். உள்ளே கூப்பிட்டதும் அவர் படித்துப் பார்த்துவிட்டு, “நம்ம தப்புன்னு நாமளே லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுக்கறதா? காலேஜ் பேரு என்ன ஆறது? கருணை காட்டும்படி வேணா ஒரு பரிந்துரை எழுதிக்கோங்கோ” என்றார். கருணையாம்! பட்டா வைத்திருக்கிறவளுக்கு எதற்கு ஐயா கருணை? கமலினி வாதாடினாள். பார்த்துப் பேசு, இன்டர்னல் மார்க் என்று ஒன்று இருக்கிறது என்று அவளுக்குப் பதில் வந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன், “காலேஜ் எழுத வேணாம், நான் எழுதறேன்.” என் டைப்பிங்கில், என் பெயரில், பிரமாண வாக்குமூலம். மனு ஒன்பதாம் தேதியே வந்தது, கடைசி நாள் எனக்குத் தெரியும், பீரோ சாவி என் டிராயரில் இருந்தது, நான் கொடுக்கவில்லை. நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது ஐந்து ஐம்பத்தைந்து. கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க என்றார் காவலாளி. பிரின்சிபால் அறை வாசலில் நின்ற அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை கமலினியும் நானும் ஆபீஸ் வாசலில், வீராயி அக்காவும் யமுனாவும் வீட்டு வாசலில். பத்து மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே இருந்த அதிகாரி, ஒரு பெண்மணி, நோட்டீஸையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் சொன்னேனே, ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. “இத முன்னாடியே குடுத்திருந்தா லிஸ்ட்லயே வந்திருக்காதேம்மா” என்று கேட்டார். கமலினி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முத்திரை குத்தி, போன் செய்து, நிறுத்தச் சொன்னார். மணி பத்து இருபது.

ஜேசிபி ஒன்பதரைக்கே வந்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்னறை இல்லை. பின்னறை இருந்தது. மதுரைவீரன் பூசிய சுவரில் பாதி, நடுவில் ஒரு காலண்டர், அதற்கப்பால் வானம். தையல் மெஷினை யமுனா தெருவில் இழுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். வீராயி அக்கா அழவில்லை. முத்திரை குத்திய காப்பியை நான் நீட்டியதும் வாங்கி, தேதியையும் நேரத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சாவி ஒங்கிட்டதான இருந்துச்சு?”

“ஆமாக்கா.”

“போயிடும்னு சொன்னியே.”

அவள் திரும்பிக்கொண்டு செங்கல்லைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நானும் குனிந்து பொறுக்கினேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். இப்போது தில்லை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். கமலினிக்கு ஒழுங்கு நடவடிக்கை மெமோ கொடுத்தார்கள். அவள் மூன்றாம் நாளே பதில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டாள். வீராயி அக்கா வேலையை விடவில்லை. “நான் ஏன் வுடணும்? தப்புப் பண்ணவனுவ போவட்டும்” என்றாள். இன்றும் ஏழு மணிக்கு அவள்தான் அந்தக் கதவைத் திறக்கிறாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தேன். இடித்த முன்னறைக்கு ஈடு கேட்டுக் கமலினி எழுதிய மனுவை டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். முன்னறை இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டி யமுனா தைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் டீ-ஷர்ட் கூட்டம் ஒன்று வந்தது. எங்கள் கல்லூரிதான். ‘அகற்றலால் பாதிக்கப்பட்டோர்: ஒரு கள ஆய்வு’ என்று அட்டை மாட்டியிருந்தார்கள். நாங்கள் இருந்த வாசலுக்கு வந்தவன் சித்தார்த்தன். தார்ப்பாய்க்கு வெளியே நின்று, பேப்பரைப் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

“வணக்கம்மா. நாங்க லா காலேஜ்லேர்ந்து வரோம். உங்க பேரு? வயசு? என்ன வேலை?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்தேன். வீராயி அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“எழுதிக்க தம்பி. பேரு வீராயி. வயசு அம்பத்திரெண்டு. மூதாட்டின்னு போடாத. வேலை, நீ ஒக்கார்ற க்ளாஸக் கூட்டுறது. மூணாவது பெஞ்சு, சன்னலோரம். முட்டாய்க் காகிதத்த மடிச்சு மடிச்சுக் கீழ போடுவ.”

அவன் தலை நிமிர்ந்தது. அவளைப் பார்த்தான். சிவப்புக் கோட்டின் பாதி மிச்சமிருந்த சுவரைப் பார்த்தான். ஜூலை மாதம் தானே எழுதிய மனு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வாய் கோணிக்கொண்டது. “அம்மா, நான்... அந்தப் பட்டா...” என்றான்.

“மொதல்ல எழுது” என்றாள். அவன் எழுதினான். முழுப் பாரத்தையும் பூர்த்தி செய்துவிட்டு மடிக்கப் போனான்.

“எங்க மடிக்கிற? இன்னொரு காப்பி எழுது.”

“எதுக்கும்மா?”

“எதுக்கா? அதுல வாங்கிக்கிட்டேன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எங்கிட்ட குடு. இல்லேன்னா அந்தப் பேப்பர் இந்த வாசலத் தாண்டாது.”

அவன் கீழே உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி எழுதினான். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டு நீட்டினான். வீராயி அக்கா அதை வாங்கி, தேதி சரிதானா என்று என்னிடம் காட்டிக் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் குக்கர் பெட்டியில் பட்டாவுக்கு மேலே வைத்து மூடினாள்.